மீள் அடைவாக்கமும் தமிழ்ப் பனுவலும்: ஆவணத் தரவுத்தளத்தின் ‘விரைவு’க் கருத்து குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆவணத் தரவுத்தளங்களில் அடைவுகளை நீக்கி மீண்டும் கட்டுவது பராமரிப்புப் பணியாகவே கருதப்படுகிறது. அடைவு தேடலை விரைவுபடுத்துமே அன்றி விடையை மாற்றாது என்பது இக்கருத்தின் அடிப்படை. இக்கட்டுரை மாங்கோடிபி என்னும் ஆவணத் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டு, வரிசை, புள்ளி, நீளம், தனித்தன்மை ஆகிய நான்கு நிலைகளில் அக்கருத்தைத் தமிழ்ப் பனுவல்களோடு பொருத்திப் பார்க்கிறது. மீள் அடைவாக்கம் சில இடங்களில் பதிப்புப் பணியின் தன்மையைப் பெறுகிறது என்றும், தேடல் முடிவைச் சான்றாகக் காட்டும் ஆய்வு அடைவின் நிலையையும் பதிவுசெய்ய வேண்டும் என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணத் தரவுத்தளம், மீள் அடைவாக்கம், சொல்லடைவு, வரிசைவிதி, புள்ளி, ஒருங்குறி.

முன்னுரை

ஒரு சொல் ஒரு நூலில் எத்தனை இடங்களில் வருகிறது, அல்லது வரவே இல்லை என்பது தமிழாய்வில் வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது. நூலின் காலத்தை வரையறுக்கவும், இடைச்செருகலை ஐயுறவும், சொற்பொருள் மாற்றத்தைக் காட்டவும் இச்சான்று பயன்படுகிறது. முன்பு அச்சிட்ட சொல்லடைவு இதனைத் தந்தது. இன்று பெரும்பாலும் தரவுத்தளத் தேடல் தருகிறது. அச்சு நூலைச் சான்று காட்டும்போது பதிப்பாசிரியர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிடும் ஆய்வாளர், தேடல் முடிவைக் காட்டும்போது அத்தளத்தின் பெயரோடு நின்றுவிடுகிறார். அத்தளத்தின் அடைவு எப்போது, எந்த விதிப்படி கட்டப்பட்டது என்னும் வினா எழுவதில்லை. அவ்வினா ஏன் எழவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அடைவு: சொல்லும் பொருளும்

கணினித் துறையினர் ‘இன்டெக்ஸ்’ என்று வழங்குவதை இக்கட்டுரை ‘அடைவு’ என்று குறிக்கிறது. சொல்லடைவு என்னும் வழக்கு ஆய்வுலகில் நிலைபெற்றிருப்பதே இதற்குக் காரணம். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. மூலத்தைத் தொடாமல், மூலத்துக்குச் செல்லும் வழியை வேறோரிடத்தில் ஒழுங்குபடுத்தி வைப்பது அடைவு.

ஒரே சொற்களஞ்சியத்துக்குப் பல வழிகள் அமையலாம் என்பது தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது. சொல்லை அறிந்தவர் பொருளுக்குச் செல்லவும், பொருளை அறிந்தவர் சொல்லுக்குச் செல்லவும், எதுகை தேடுபவர் தொடையகராதிக்குச் செல்லவும் அது வழிசெய்கிறது. ஆவணத் தரவுத்தளத்தில் ஒரு தொகுப்புக்குப் பல அடைவுகள் அமைவதும் இத்தகையதே. எந்த வழி திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த வினாவுக்கு விடை கிடைக்கும் என்பது அமைகிறது.

மீள் அடைவாக்கம் நடைபெறும் முறை

மாங்கோடிபி ஒவ்வோர் ஆவணத்தையும் தொகுப்பில் தனித்தனியே சேமிக்கிறது. எழுத்துச் சரங்களை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் வைக்கிறது. அடைவுகள் தொகுப்புக்கு வெளியே பி-மரம் எனப்படும் கிளையமைப்பில் தனியே இருக்கின்றன. அடைவைக் கட்டும்போது தரவுத்தளம் தொகுப்பு முழுவதையும் ஒருமுறை படித்து, ஆவணங்களிலிருந்து உரிய திறவுகளைப் பிரித்தெடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி மரத்தில் ஏற்றுகிறது. இதற்கு ஒதுக்கப்படும் நினைவகத்தின் இயல்பு அளவு 200 மெகாபைட். அதனை மீறும் பகுதி தற்காலிகக் கோப்புகளாக வட்டில் எழுதப்படுகிறது.

தொகுப்பின் அடைவுகள் அனைத்தையும் நீக்கி மீண்டும் கட்டுவதற்கு ‘ரீஇன்டெக்ஸ்’ என்னும் கட்டளை உண்டு. 2021இல் வெளிவந்த 5.0 பதிப்பு முதல் இக்கட்டளை தனித்தியங்கும் வழங்கியில் மட்டுமே செயல்படும், 6.0 பதிப்பில் இது கைவிடப்படவிருக்கும் கட்டளையாக அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட அடைவை மட்டும் நீக்கிப் புதிதாக உருவாக்குவதே இன்றைய நடைமுறை. 4.2 பதிப்பு முதல், அடைவு கட்டப்படும் காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே தொகுப்பு முழுமையாகப் பூட்டப்படுகிறது. இடைப்பட்ட நேரத்தில் வாசகர் தேடலாம். புதிய ஆவணங்களும் சேரலாம். பணி நடந்ததே வெளியே தெரியாமல் முடிவது பொறியியல் நோக்கில் சிறப்பு. ஆய்வு நோக்கில் அதுவே கவலைக்குரியது.

விரைவுக் கருத்தும் அதன் எல்லையும்

அடைவு விரைவுக்கு மட்டுமே என்னும் கருத்தை முற்றாக மறுப்பது நேர்மையாகாது. ‘திணை’ என்னும் புலத்தில் ‘குறிஞ்சி’ என்றிருக்கும் ஆவணங்களைக் கேட்டால், அடைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றே. அடைவு இல்லையெனில் தரவுத்தளம் எல்லா ஆவணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும். நேரம் கூடும், விடை மாறாது. இவ்வகை அடைவை எத்தனை முறை மீளக் கட்டினாலும் ஆய்வாளர் அஞ்ச வேண்டியதில்லை.

ஆயின் எல்லா அடைவுகளும் இவ்வகையின அல்ல. அடைவு இல்லாமல் இயங்கவே இயலாத தேடல் உண்டு. எந்த ஆவணம் சேரலாம், எது சேரக்கூடாது என்று தீர்மானிக்கும் அடைவும் உண்டு. இவற்றில் அடைவின் விதியே விடையின் விதியாகிறது. இவ்விரு வகைகளையும் ஒரே ‘பராமரிப்பு’ என்னும் சொல்லால் குறிப்பதே விரைவுக் கருத்தின் குறை. பின்வரும் நான்கு நிலைகள் இதனை விளக்கும்.

வரிசை

அன்பு, அலை, அவை, அழகு, அளவு, அறம் ஆகிய ஆறு சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது இறுதி வரிசை. எனவே அகராதியில் இவை அலை, அவை, அழகு, அளவு, அறம், அன்பு என நிற்கும். ஒருங்குறியின் குறியெண் வரிசை வேறு. அதில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. றகரம் ரகரத்தை அடுத்து வருகிறது. வகரம் ல, ள, ழ ஆகியவற்றுக்குப் பின் நிற்கிறது. குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் அடைவு இச்சொற்களை அன்பு, அறம், அலை, அளவு, அழகு, அவை என வரிசைப்படுத்தும். அகராதியில் இறுதியில் நிற்கும் சொல் இங்கே முதலில் நிற்கிறது.

மாங்கோடிபியில் அடைவின் இயல்புநிலை இந்தக் குறியெண் ஒப்பீடே. மொழிசார்ந்த வரிசைவிதி 3.4 பதிப்பில் (2016) இடம்பெற்றது. தமிழுக்கான விதியும் அதில் உண்டு. ஆயினும் ஏற்கெனவே உள்ள அடைவின் வரிசைவிதியை மாற்ற இயலாது. புதிய விதியோடு வேறோர் அடைவையே கட்ட வேண்டும். வினவலிலும் அதே விதியைக் குறிப்பிட்டாலன்றி, அச்சொற்களை ஒப்பிட அவ்வடைவு பயன்படாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். வரிசைவிதி வினவலுக்கு உரியது; அடைவு அதற்குத் துணை மட்டுமே. ஆதலால் வரிசை மாறியதற்கு அடைவைக் குற்றஞ்சாட்ட இயலாது. ஆனால் ‘அலை முதல் அன்பு வரை’ என எல்லை குறித்துக் கேட்கும் ஆய்வாளருக்கு, தமிழ் விதியில் ஆறு சொற்களும் கிடைக்கும். குறியெண் விதியில் தொடக்கம் முடிவுக்குப் பின் நிற்பதால் ஒன்றும் கிடைக்காது. வரிசை என்பது அழகுக்கான ஒழுங்கு அன்று. எல்லைத் தேடலில் அதுவே பொருள்.

ஒருங்குறி வரிசையின் இக்குறை தமிழ்க் கணிமையில் நெடுநாள் பேசப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியேற்றம், எழுத்துகளை நெடுங்கணக்கு வரிசையிலேயே அமைத்தது. வரிசைவிதி அடைவின் பண்பாக அமைந்துவிட்ட இன்றைய நிலையில், அச்சிக்கலுக்குக் குறியேற்றத்தை மாற்றாமலேயே தீர்வு காண இயல்கிறது. எழுத்தை எப்படிச் சேமிப்பது என்பதும் எப்படி வரிசைப்படுத்துவது என்பதும் தனித்தனி வினாக்கள். அடைவு இரண்டாம் வினாவுக்கு விடையாக அமைகிறது.

புள்ளி

நான்கு நிலைகளுள் மிகவும் கருதத்தக்கது இது. மாங்கோடிபியில் சொல்தேடலுக்கெனத் தனி அடைவு உண்டு. இது சரத்தைச் சொற்களாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லையும் திறவாக்குகிறது. இவ்வடைவு இல்லாமல் இத்தேடலை நிகழ்த்தவே இயலாது. அடைவு எதைச் சொல்லாகக் கொள்கிறதோ அதுவே சொல்.

இவ்வடைவின் மூன்றாம் வடிவம் 3.2 பதிப்போடு (2015) வந்தது. இரண்டாம் வடிவத்திலிருந்து இதனை வேறுபடுத்தும் முக்கியப் பண்பு, எழுத்தின் மேலும் கீழும் வரும் துணைக்குறிகளைப் பொருட்படுத்தாமை. பிரெஞ்சு மொழியில் மேற்குறியிட்ட எழுத்தும் குறியில்லா எழுத்தும் தேடலில் ஒன்றாகும். அம்மொழிப் பயனருக்கு அது பெருவசதி. எவை துணைக்குறிகள் என்பதற்கு மாங்கோடிபியின் விளக்கக் குறிப்பு, ஒருங்குறி 8.0இன் பண்புப் பட்டியலில் ‘டயாக்ரிட்டிக்’ என வகைப்படுத்தப்பட்டவற்றைச் சுட்டுகிறது. அப்பட்டியலில் தமிழ்ப் புள்ளியும் உண்டு.

இவ்விதி தமிழுக்கு அப்படியே பொருந்தும்போது, புள்ளி நீங்கிய திறவே அடைவில் நிற்கும். ‘என்’ என்பதும் ‘என’ என்பதும் ஒன்றாகும். ‘பல்’ என்பதும் ‘பல’ என்பதும் ஒன்றாகும். வீட்டைக் குறிக்கும் ‘இல்’, இன்மையைக் குறிக்கும் ‘இல’ ஆகியவற்றுக்கு வேறுபாடு இராது. ‘உள்’, ‘உள’ என்பனவும் அவ்வாறே. இவை அரிய சொற்கள் அல்ல. சங்கப் பனுவல்களில் அடிக்கடி பயிலும் சொற்கள். எண்ணிக்கை ஆய்வில் முதலில் கணக்கிடப்படுபவையும் இவையே.

மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பது என்பது தொல்காப்பிய எழுத்ததிகாரம் தொட்டு வரும் அடிப்படை. தமிழில் புள்ளி ஒலியைச் சற்றே திரிக்கும் குறியன்று. அகர உயிர் இல்லை என்பதைக் காட்டும் குறி. அது நீங்கினால் மெய் உயிர்மெய்யாகிறது. ஓர் அசை கூடுகிறது. இலத்தீன் எழுத்துக்கு மேலுள்ள குறியை நீக்குவதும் தமிழ் மெய்யின் புள்ளியை நீக்குவதும் ஒரே செயல் அல்ல. ஒருங்குறி அட்டவணை இவற்றை ஒரே வகையில் வைப்பது எழுத்துரு நோக்கில் ஏற்கத்தக்கது. மற்றோர் எழுத்தின் மதிப்பை மாற்றும் குறி என்பதே அவ்வகையின் கருத்து. மதிப்பை மாற்றும் குறிகளின் பட்டியலைப் புறக்கணிக்கத்தக்க குறிகளின் பட்டியலாகப் படித்ததில்தான் பிழை நேர்கிறது.

இங்கே மீள் அடைவாக்கத்தின் பங்கு தெளிவாகிறது. இரண்டாம் வடிவ அடைவைக் கொண்ட தொகுப்பில், அதனை நீக்கி, வடிவ எண்ணைக் குறிப்பிடாமல் புதிய பதிப்பில் மீண்டும் உருவாக்கினால் மூன்றாம் வடிவமே அமையும். ஆவணங்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை; வினவலும் அதுவே; விடை மாறிவிடுகிறது. வினவலில் துணைக்குறிகளைக் கருதுமாறு தனியே கேட்கும் வசதி உண்டு. ஆயின் அது இயல்புநிலையில் அணைந்தே இருக்கிறது. இணையப் பக்கத்தில் தேடுபவர் அதனைத் தொட இயலாது.

மேலும் ஒரு தடை உண்டு. ஒரு தொகுப்புக்கு ஒரு சொல்தேடல் அடைவே அனுமதிக்கப்படுகிறது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட அத்தொகுப்பில் வழியில்லை. பழையதை நீக்கிய பின்னரே புதியது பிறக்கும். ஒப்பீடு வேண்டுமெனில் ஆவணங்களை வேறொரு தொகுப்பில் படியெடுத்தே செய்ய வேண்டும்.

நீளம்

4.2 பதிப்புக்கு முன்னர், ஓர் அடைவுத் திறவு 1024 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்னும் வரம்பு இருந்தது. 2.6 பதிப்புக்கு (2014) முந்தைய நிலையில், இவ்வரம்பை மீறிய ஆவணம் தொகுப்பில் சேரும், அடைவில் சேராது. அவ்வடைவின் வழியே தேடுபவருக்கு அந்த ஆவணம் இல்லாததாகவே இருக்கும். பிழைச்செய்தியும் வாராது.

தமிழுக்கு இவ்வரம்பு இன்னும் குறுகியது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளை எடுக்கும். ‘அன்பு’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, குறியெண் ஐந்து, பைட்டுகள் 15. நாற்சீரடி ஒன்று ஏறத்தாழ 80 முதல் 100 பைட்டுகளாகும். பத்து முதல் பன்னிரண்டு அடிகளுக்குள் வரம்பு நிறைந்துவிடும். முழுப்பாடலையும் ஒரே புலத்தில் இட்டு அதற்கு அடைவு கட்டிய தொகுப்பு ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். 4 முதல் 8 அடி வரையறையுடைய குறுந்தொகைப் பாடல்கள் அடைவில் நிற்கும். 13 முதல் 31 அடி வரையறையுடைய அகநானூற்றுப் பாடல்களில் பெரும்பாலானவை விடுபடும். இரு தொகைகளையும் ஒப்பிடும் ஆய்வாளருக்கு இவ்விடுபாடு இலக்கிய வேறுபாடாகத் தோன்றக்கூடும்.

2.6 பதிப்பு இதனை மாற்றியது. வரம்பு மீறிய ஆவணத்தைச் சேர்க்கவே மறுத்தது. ஏற்கெனவே உள்ள தொகுப்பில் மீள் அடைவாக்கம் செய்தால் பிழை காட்டி நின்றது. அடைவுகள் அனைத்தும் முதலில் நீக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்படுவதால், இடையில் நேரும் பிழைக்குப் பின் எஞ்சிய அடைவுகள் கட்டப்படாமல் போகும். நிருவாகிக்கு இது தொல்லை. ஆயினும் முன்பு மறைந்திருந்த விடுபாட்டை வெளிக்கொணர்ந்தது அந்த மீள் அடைவாக்கமே. 4.2 பதிப்பு வரம்பையே நீக்கியது.

தனித்தன்மை

‘கொடை’ என்னும் சொல்லின் முதலெழுத்தை இருவகையில் குறியேற்றலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒன்று. எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இவற்றை நிகரானவை என்றே கொள்கிறது. குறியெண் ஒப்பீட்டில் இவை வெவ்வேறு சரங்கள்.

தலைச்சொல் இருமுறை வரலாகாது என்பதற்காகத் தனித்தன்மை அடைவு கட்டப்பட்ட ஓர் அகராதித் தொகுப்பில், குறியெண் ஒப்பீடு இருக்கும்வரை ‘கொடை’ இருமுறை இடம்பெறலாம். தமிழ் வரிசைவிதியோடு அவ்வடைவை மீளக் கட்ட முயன்றால், இரட்டைப் பதிவு என்று கூறித் தரவுத்தளம் நின்றுவிடும். இந்நிலையில் அடைவு பாடவேறுபாடு காட்டும் பதிப்பாசிரியர் செய்வதையே செய்கிறது. இரண்டும் ஒரே சொல்லா, எதனை ஏற்பது, எதனை நீக்குவது என்னும் தீர்ப்பை அது மனிதரிடம் விடுகிறது. தொல்லையிலிருந்து மீள வரிசைவிதியைக் கைவிட்டுப் பழைய அடைவுக்கே திரும்புவது, அத்தீர்ப்பைத் தவிர்ப்பதாகும்.

அச்சு அடைவும் மின்னடைவும்

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவும், தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவும் இன்றும் நூலகங்களில் உள்ளன. அவற்றில் ஒரு குறை கண்டால் பக்கத்தைக் காட்டி மறுக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர் அவற்றை நம்பி ஒரு முடிவுக்கு வந்திருந்தால், அதே பக்கத்தைத் திறந்து அம்முடிவைச் சோதிக்கலாம்.

மின்னடைவுக்கு இந்நிலை இல்லை. நீக்கப்பட்ட அடைவின் வரையறையைத் தனியே எடுத்து வைக்காவிடில், அது எந்த விதியில் இருந்தது என்பதை அத்தொகுப்பைப் பார்த்து அறிய இயலாது. சென்ற ஆண்டின் எண்ணிக்கையும் இந்த ஆண்டின் எண்ணிக்கையும் முரண்பட்டால், பனுவல் திருத்தப்பட்டதா, அடைவு மாறியதா என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு பனுவலின் மின்பதிப்பில் செய்த திருத்தங்களைப் பட்டியலிடும் தளங்கள்கூட, மீள் அடைவாக்கத்தைத் திருத்தமாகக் கருதுவதில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. மொழிசார்ந்த அடைவின் வரையறையில், வரிசைவிதியின் பதிப்பெண்ணையும் மாங்கோடிபி பதிந்து வைக்கிறது. விதியின் பதிப்பு மாறினால் பழைய அடைவை நம்ப இயலாது என்பதைப் பொறியாளர் அறிவர். லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018இல் 2.28 பதிப்பில் வரிசைவிதிகளைப் பெரிதும் மாற்றியபோது, அதனைச் சார்ந்திருந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளங்களில் எழுத்துச் சர அடைவுகளை மீளக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டாதவிடத்து, இருக்கும் பதிவையே இல்லை என்று தரவுத்தளம் கூறும் நிலை உண்டானது. பொறியாளர் எண்ணிட்டுப் பதியும் செய்தியை, அதன் முடிவைச் சான்றாக்கும் ஆய்வாளர் ஒரு வரியிலும் குறிப்பதில்லை.

பரிந்துரைகள்

தரவுத்தளத்தைப் பராமரிப்போர் நான்கு செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, ஒவ்வொரு மீள் அடைவாக்கத்துக்கும் முன் பழைய அடைவின் முழு வரையறையைக் கோப்பாக்கிச் சேமித்தல். இரண்டாவது, அடைவை உருவாக்கும்போது மொழி, வடிவ எண், வரிசைவிதி ஆகியவற்றை இயல்புநிலைக்கு விடாமல் வெளிப்படையாகக் குறித்தல். மூன்றாவது, என்–என, பல்–பல, இல்–இல, உள்–உள போன்ற இணைகளையும், இருவகையில் குறியேற்றிய ‘கொடை’ போன்ற சொற்களையும், நீண்ட பாடல்கள் சிலவற்றையும் சோதனைத் தொகுதியாக வைத்து, கட்டுவதற்கு முன்னும் பின்னும் தேடி முடிவுகளை ஒப்பிடுதல். நான்காவது, மீள் அடைவாக்கத்தின் நாளையும் மாற்றத்தையும் தளத்திலேயே வாசகருக்கு அறிவித்தல்.

ஆய்வாளருக்கு உரியது ஒன்று. தேடல் எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டும்போது, தேடிய நாளையும் அடைவின் நிலையையும் குறிப்பிடுதல். அந்நிலை அறியக் கிடைக்காவிடின் அந்த எண்ணைச் சான்றாகக் கொள்ளாமல், பனுவலை நேரே படித்து உறுதிசெய்தல். குறிப்பாக, ஒரு சொல் ‘இல்லை’ என்னும் முடிவைத் தேடல் மட்டும் தாங்கக்கூடாது.

முடிவுரை

அடைவு விரைவுக்கு மட்டுமே என்னும் கருத்து, சில அடைவுகளுக்கு உண்மை. சொல்தேடல் அடைவுக்கும் தனித்தன்மை அடைவுக்கும் உண்மையன்று. இவ்வடைவுகளை மீளக் கட்டுபவர், எது சொல், எது ஒரே சொல், எது தேடலுக்கு அகப்படும் என்று முடிவு செய்கிறார். அச்சு மரபில் அம்முடிவுகளைப் பதிப்பாசிரியர் எடுத்தார். முன்னுரையில் அவற்றுக்குப் பொறுப்பேற்றார். தரவுத்தள மரபில் அவை ஓர் இயல்புநிலை அமைப்பால் எடுக்கப்படுகின்றன, பொறுப்பேற்பவர் இல்லை. ‘இல்’ என்று தேடியவருக்கு ‘இல’ சேர்ந்த எண்ணிக்கை கிடைத்து, அது ஆய்வேட்டில் ஏறிவிட்டால், பின்வரும் ஆய்வுகள் அதன்மேலேயே கட்டப்படும். அடைவை மீளக் கட்டுவது அரைநாள் வேலை. அவ்வாறு கட்டப்பட்ட ஆய்வுகளை மீளக் கட்டுவது அத்தனை எளிதன்று.